மசினகுடி: யானைத் தடத்தில் ஓர் ஊர்

ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடித்தால் மசினகுடி. நீலகிரி மாவட்டம்தான் என்றாலும் வெளியூர்க்காரர் மனத்தில் இருக்கும் நீலகிரி இங்கே கிடையாது. தேயிலைச் சரிவு இல்லை, கம்பளி தேவைப்படும் குளிரும் இல்லை. மலையின் மழை மறைவில், ஏறத்தாழ 900 முதல் 1,000 மீட்டர் உயரத்தில் கிடக்கும் சீகூர் பீடபூமி இது. பெரும்பகுதி முட்காடு. ஓடைக்கரைகளில் மட்டும் நீர்மருது மரங்கள் உயர்ந்து நிற்கின்றன.

இந்த வறண்ட மேட்டுக்கு இவ்வளவு முக்கியத்துவம் வந்தது அது இருக்கும் இடத்தால். மேற்கே முதுமலை, வடக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கைத் தாண்டினால் கர்நாடகத்தின் பந்திப்பூர், கிழக்கே சத்தியமங்கலம். மூன்றும் புலிகள் காப்பகங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் நெருங்கும் இந்த இடுக்கின் வழியாகத்தான் தீவனமும் தண்ணீரும் தேடி யானைக் கூட்டங்கள் இந்தக் காடுகளுக்கிடையே போய்வருகின்றன. அந்த வழியிலேயே பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம், சிறியூர், ஆனைக்கட்டி எனச் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுக்கெல்லாம் மசினகுடிதான் கடைத்தெரு.

இருளரும் குறும்பரும் இங்கே நெடுங்காலமாக வாழும் பழங்குடிகள். ராகி, சாமை விதைப்பது, தேன் எடுப்பது, காட்டுப் பொருள் சேகரிப்பது என்று வாழ்ந்தவர்கள். அருகிலுள்ள தெப்பக்காடு யானை முகாமில் பாகன்களும் அவர்களின் உதவியாளர்களான காவடிகளும் பெரும்பாலும் காட்டுநாயக்கர், குறும்பர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 2023-இல் ஆஸ்கர் பெற்ற ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படம் காட்டிய பொம்மனும் பெள்ளியும் இந்த முகாமில் தாயில்லாக் குட்டிகளை வளர்த்தவர்கள். முகாமில் உணவு வேளையில் ராகியையும் கொள்ளையும் வேகவைத்து, அரிசிச் சோறு, வெல்லம், உப்பு சேர்த்துப் பெரிய உருண்டைகளாகப் பிடித்து, ஒவ்வொரு யானைக்கும் அதன் அளவுப்படி வாயில் ஊட்டுகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் கயிற்றுக்கு இப்பால் நின்று பார்ப்பது இதைத்தான்.

மற்றவர்கள் வந்தது பெரும்பாலும் மின்சாரத்தால். பைக்காரா ஆற்றுநீரை மலையுச்சியிலிருந்து குழாயில் இறக்கி மின்சாரம் எடுக்கும் சிங்காரா மின்நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து வெளிவரும் நீரையே பயன்படுத்தும் மாயார் மின்நிலையம் 1950-களில் வந்தது. கால்வாய் வெட்டவும் குழாய் பதிக்கவும் சமவெளியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் இங்கேயே தங்கிவிட்டார்கள். அதனால்தான் இந்தச் சிறிய கடைவீதியில் தமிழும் கன்னடமும் மலையாளமும் படுகர் மொழியும் இருளர் மொழியும் கலந்து ஒலிக்கின்றன.

வேலை முடிந்து தங்கியவர்களுக்கும் முன்பிருந்தவர்களுக்கும் பொதுவாகக் கைகொடுத்தது மாடு. இங்கே மாடு வளர்த்தது முதன்மையாகப் பாலுக்காக அல்ல, சாணத்துக்காக. நாட்டு மாடுகள் கறக்கும் பால் கொஞ்சம்தான். ஆனால் பகல் முழுவதும் காட்டில் மேய்ந்துவிட்டு இரவில் பட்டியில் அடையும் மாடு போடும் சாணத்துக்குக் கேரளத் தோட்டங்களில் நல்ல கிராக்கி இருந்தது. காலையில் மாடுகளை ஓட்டிவிட்டு, முள்ளடைத்த பட்டிக்குள் சாணத்தைக் கூட்டிக் குவித்து, காய்ந்தபின் லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். காட்டின் புல் இப்படி எருவாக மாறி மாநில எல்லை தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மான்களுக்கும் யானைகளுக்கும் உரிய மேய்ச்சல் குறைகிறது என்று வனத்துறை கட்டுப்பாடுகளை இறுக்கியது நியாயமே. பட்டிக்காரருக்கு மாற்றுப் பிழைப்பு என்ன என்பதற்குத்தான் நெடுநாள் யாரிடமும் பதில் இல்லை.

இறந்த மாடுகள் பாறு கழுகுகளுக்கு உணவாயின. தென்னிந்தியாவில் வெண்முதுகுப் பாறு கழுகுகள் எஞ்சியிருக்கும் மிக முக்கியமான இடம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. நீர்மருது மரங்களில் அவை கூடு கட்டுகின்றன. டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி ஊசி போடப்பட்ட மாடு இறந்தால், அதைத் தின்னும் கழுகின் சிறுநீரகம் பழுதடைந்து அதுவும் சாகும். கால்நடைகளுக்கு அந்த மருந்தைப் பயன்படுத்த 2006-இல் தடை வந்தது.

மாட்டின் இடத்தை எடுத்துக்கொண்டது சுற்றுலா. ஒதுக்குப்புற நிலங்களைப் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள் வாங்கி விடுதி கட்டினார்கள். உள்ளூர் இளைஞர்கள் ஜீப் ஓட்டினார்கள், சமையலறையில் வேலை பார்த்தார்கள், சிலர் சொந்த வீட்டில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டார்கள். ஆதாயத்தில் பெரும்பங்கு யாருக்குப் போயிற்று என்பதை விளக்க வேண்டியதில்லை. விடுதிகளைச் சுற்றி மின்வேலிகள் வந்தன. இருட்டில் விளக்கடித்து விலங்கு தேடும் சட்டவிரோதப் பயணங்களும் கூடவே வந்தன.

யானை வழித்தடத்தைக் காக்கக் கோரும் பொதுநல வழக்குகள் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயின. 2010 ஆகஸ்டில் தமிழக அரசு வழித்தடத்தை அறிவித்தது. 2011-இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதே, 2018-இல் உச்சநீதிமன்ற உத்தரவின் பேரில் மாவட்ட நிர்வாகம் 20-க்கும் மேற்பட்ட விடுதிகளுக்கு முத்திரை வைத்தது. 2020 அக்டோபர் 14 அன்று உச்சநீதிமன்றம் வழித்தடம் செல்லும் என்று தீர்ப்பளித்து, நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்தது. விடுதி முதலாளிக்கு இது முதலீட்டுச் சிக்கல். அங்கே துணி துவைத்தவருக்கும் ஜீப் ஓட்டியவருக்கும் மாதச் சம்பளம் நின்றது. வழக்கில் இந்த இரண்டாம் தரப்பின் குரல் மெலிந்தே கேட்டது.

ஊரின் பெயர் நாடெங்கும் அடிபட்டது 2021-இல். ஜனவரியில், விடுதி ஒன்றருகே வந்த காட்டு யானை மீது எரியும் பொருளை வீசி விரட்டியதில், அதன் காதில் தீப்பற்றியது. ஏற்கெனவே முதுகில் காயத்தோடு திரிந்த அந்த யானை, சிகிச்சைக்காகத் தெப்பக்காட்டுக்குக் கொண்டு செல்லும் வழியில் இறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவரைப் புலி கொன்றது. எம்டிடி 23 எனக் குறிக்கப்பட்ட அந்தப் புலி நான்கு பேரைக் கொன்றதாகக் கருதப்பட்டது. மக்கள் சாலையில் அமர்ந்தார்கள். சுட்டுக் கொல்ல முதலில் உத்தரவிடப்பட்டாலும், உயர்நீதிமன்றம் கொல்லவேண்டாம் என்றது. கும்கி யானைகளையும் கேமராக்களையும் வைத்துத் தேடினார்கள். தடம் படிக்கத் தெரிந்த பழங்குடியினரும் கூடவே அலைந்தார்கள். நீண்ட தேடலுக்குப் பின் அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள்.

இப்போது ஊரின் நேரத்தைப் பல கட்டுப்பாடுகள் முடிவு செய்கின்றன. பந்திப்பூர் வழியே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை. விபத்துகளுக்குப் பின் கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகள் கீழே இறங்குவதற்கும் தடை வந்தது. 2024 மே முதல் நீலகிரிக்கு வருபவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். மாவட்டப் பதிவெண் கொண்ட வண்டிகளுக்கு அது தேவையில்லை.

வேலைக்கு மாற்று வழிகளும் மெல்லத் திறக்கின்றன. வேட்டைத் தடுப்புக் காவலர்களாகப் பழங்குடி இளைஞர்கள் தினமும் காட்டில் ரோந்து போகிறார்கள். பெரும்பாலும் நிரந்தரமில்லாத பணி அது. புல்லை அமுக்கிப் பரவும் உண்ணிச்செடியை வெட்டி, தண்டை வேகவைத்துப் பட்டை உரித்து, இருக்கைகளும் ஆளுயரத்தை மிஞ்சும் யானை உருவங்களும் செய்வதை முதுமலை, கூடலூர் பகுதிப் பழங்குடியினர் கற்றுக்கொண்டார்கள். அந்த யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நிறுத்தப்பட்டன. ஒவ்வொன்றும் இந்தக் காடுகளில் உண்மையாகவே திரியும் ஒரு யானையைப் பார்த்துச் செய்தது.