சிலிதர்லிங்க் புதிர்

சிலிதர்லிங்க் என்பது புள்ளிகளைக் கோடுகளால் இணைத்து ஒரே ஒரு மூடிய வளையத்தைக் கண்டறியும் எண் புதிர் ஆகும். ஜப்பானின் நிக்கோலி புதிர் இதழில் 1989ஆம் ஆண்டு வெளிவந்தது. உலகப் புதிர்ப் போட்டிகளில் இடம்பெறும் வகை இது. அப்போட்டி 2017இல் பெங்களூருவில் நடைபெற்றது.

விதிகள்

புள்ளிகள் சதுர வரிசையில் இருக்கும். நான்கு புள்ளிகளுக்கு நடுவில் உள்ள இடம் ஒரு கட்டம். சில கட்டங்களில் 0 முதல் 3 வரையான எண் தரப்பட்டிருக்கும். அக்கட்டத்தின் நான்கு பக்கங்களில் எத்தனையில் கோடு வரும் என்பதை அது குறிக்கும். எண் இல்லாத கட்டத்துக்குக் கட்டுப்பாடு இல்லை. கோடு தன்னை வெட்டக்கூடாது, கிளைக்கக்கூடாது, பாதியில் நிற்கவும் கூடாது. எனவே கோடு தொடும் ஒவ்வொரு புள்ளியிலும் சரியாக இரண்டு துண்டுகள் சேரும். புதிரின் திறவுகோல் இந்த ஒரு வரிதான்.

மார்கழியில் வாசலில் சிக்குக் கோலம் போடுபவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் கோலத்தில் கம்பி புள்ளிகளைச் சுற்றிச் செல்லும், ஒரு புள்ளியும் விடுபடக்கூடாது. இங்கே கோடு புள்ளிகளின் வழியாகவே செல்லும், சில புள்ளிகள் விடுபடலாம்.

எடுத்துக்காட்டு

வரிசைக்கு மூன்றாக ஒன்பது புள்ளிகள் வையுங்கள். நான்கு கட்டங்கள் கிடைக்கும். மேல் இடக் கட்டத்தில் 3, மேல் வலக் கட்டத்தில் 1 எழுதுங்கள். கீழே இரண்டும் வெற்று.

மூலைப் புள்ளியில் இரண்டே பக்கங்கள் உள்ளன. இரண்டும் வரும், அல்லது இரண்டும் வராது. வராவிட்டால் 3க்கு இரண்டு பக்கங்களே மிஞ்சும். எனவே அதன் மேல், இடப் பக்கங்களை வரையலாம். 1இன் மேல், வலப் பக்கங்கள் இரண்டும் சேர்ந்து வர இயலாது. அவற்றில் பெருக்கல் குறி இடுங்கள். மேல் நடுப்புள்ளிக்கு வந்த கோடு இனிக் கீழேதான் இறங்க வேண்டும். இத்துடன் 3க்கு மூன்று, 1க்கு ஒன்று நிறைவடைகிறது. அவற்றின் அடிப்பக்கங்களில் குறியிடுங்கள். இரு கோடுகளும் நேராக அடிவரை இறங்கி, இடது கீழ்க் கட்டத்தின் அடியில் இணையும். வலது ஓரத்து மூன்று புள்ளிகளும் வெறுமையாக நிற்கும். எங்கும் ஊகிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பெரிய புதிர்களில் 0 இருக்குமிடத்தில் தொடங்குவது எளிது. 0க்கு மூலைவாட்டில் 3 இருந்தால், இரண்டும் சந்திக்கும் புள்ளியில் 3இன் இரு பக்கங்களும் உறுதி. இப்புதிர் என்பி-முழுமை வகையைச் சேர்ந்தது எனத் தகாயுகி யாடோ 2000இல் நிறுவினார். அதாவது, எவ்வளவு பெரிய புதிரையும் விரைவாகத் தீர்க்கும் பொதுவழி எதுவும் இதுவரை அறியப்படவில்லை.

மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது ஒரே இடத்தில்தான்: எண்கள் எல்லாம் சரியாக இருக்கும், வளையம் மட்டும் இரண்டாகப் பிரிந்திருக்கும். அது விடை ஆகாது. ஒரு வளையத்தை மூடும் முன், வெளியே கோடு கேட்கும் எண் எஞ்சியுள்ளதா எனப் பாருங்கள். இருந்தால், மூடவிருந்த அந்தப் பக்கத்தில் பெருக்கல் குறி இடுங்கள்.