எந்த மரியா?

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுண்ட்டியில், அரசு மருத்துவமனைகளின் நோயாளிப் பதிவேட்டை ஒருமுறை சலித்துப் பார்த்தார்கள். மரியா கார்சியா என்ற பெயரில் மட்டும் 2,488 பேர். அவர்களில் 231 பேருக்குப் பிறந்த தேதியும் இன்னொரு மரியாவோடு ஒத்துப்போனது.

“மரியா கார்சியாவுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது” என்று பக்கத்து மருத்துவமனையிலிருந்து கணினி வழியே ஒரு தகவல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எந்த மரியாவின் கணக்கில் ஏற்றுவது? ஆள் மாறினால் ஒருத்திக்கு வேண்டிய மருந்து கிடைக்காது. இன்னொருத்திக்குக் கூடாத மருந்து ஏறிவிடும்.

ஆளுக்கொரு எண் கொடுத்துவிடலாமே? 1996-இல் வந்த ‘ஹிப்பா’ என்ற அமெரிக்கச் சட்டம் அப்படித்தான் சொன்னது. அந்தரங்கம் அம்பலமாகும் என்ற அச்சம் எழவே, இரண்டே ஆண்டில், அதற்கு அரசுப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் தடுத்துவிட்டது.

ஆள் யாரென்று தெரிந்தாலும் சிக்கல் தீராது. லண்டனில் இருக்கும் சித்தப்பா, “வெறும் வயிற்றில் சுகர் 7” என்பார். அதே ரத்தத்தைச் சென்னையில் சோதித்தால் 126. அங்கே லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்பது கணக்கு. இங்கேயும் அமெரிக்காவிலும் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம். 18-ஆல் பெருக்கினால் இரண்டும் ஒன்றுதான். அலகில்லாமல் வெறும் 7 வந்து சேர்ந்தால், சர்க்கரை நோயின் வாசலில் நிற்பவரைக் கணினி உயிருக்குப் போராடுபவராக்கிவிடும். எந்தப் பரிசோதனை என்பதை எல்லாக் கணினிகளும் ஒன்றுபோலப் புரிந்துகொள்ள, ‘லோயின்க்’ என்ற பொதுக் குறியீடுகள் 1994 முதல் உருவாயின. தகவலைப் பரிமாறும் பொது வடிவத்தை, ‘ஃபயர்’ என்ற பெயரில், ஆஸ்திரேலியரான கிரஹாம் கிரீவ் 2011-இல் முன்வைத்தார்.

மூன்றாவது தடை மனம். 2009-இல் அமெரிக்க அரசு ஆயிரக்கணக்கான கோடி டாலர் ஊக்கத்தொகை அறிவித்ததும் மருத்துவமனைகள் கணினிக்கு மாறின. ஆனால் பதிவுகள் அவரவர் மதிலைத் தாண்டவில்லை. பழைய ரிப்போர்ட்டெல்லாம் ஓரிடத்தில் இருந்தால் நோயாளியும் அங்கேயேதானே வருவார்! தகவலை மறித்து வைப்பதை 2016-இல் தனிச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் 2021 முதல், விரும்பியவர்களுக்கு 14 இலக்க ‘ஆபா’ சுகாதார எண் கிடைக்கிறது. ரிப்போர்ட் யாருடையது என்பதை அந்த எண் சொல்லிவிடும். அதிலுள்ள 7-க்கு என்ன பொருள் என்பதை, பக்கத்தில் அலகைக் குறித்து வைத்தவர்தான் சொல்ல முடியும்.