ஸ்டாப்வாட்ச் கைமாறிய ஆலை

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திவந்த கார் ஆலை 1982-இல் மூடப்பட்டபோது நிர்வாகத்தில் யாரும் பெரிதாக வருந்தியிருக்க மாட்டார்கள். எந்த நாளும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். வந்தவர்களில் சிலர் ஷிஃப்ட் நேரத்திலேயே குடித்தார்கள். முன்னறிவிப்பில்லாமல் வேலைநிறுத்தம் வெடிக்கும். அசெம்பிளி லைனை நிறுத்தத்தான் தொழிலாளிக்கு உரிமை கிடையாது. ஏதாவது பாகம் விடுபட்டிருந்தாலும் கார் நகர்ந்தாக வேண்டும். கோளாறைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

1984-இல் அதே கட்டடத்தில் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக ‘நம்மி’ என்ற நிறுவனத்தைத் தொடங்கின. எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்கள்தான், தொழிற்சங்கமும் பழையதே. 1986 முடிவதற்குள் ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற எல்லா ஆலைகளையும் உற்பத்தித் திறனில் இது முந்திவிட்டது. வேலைக்கு வராதவர்கள் 3, 4 சதவீதத்துக்குக் குறைந்தார்கள்.

லைனை ஒட்டித் தொங்கிய கயிற்றைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். கோளாறு கண்ணில் பட்டதும் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம். விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடிவருவார், சரியாகாவிட்டால் லைன் நிற்கும். ஆனால் கயிற்றைவிடப் பெரிய மாற்றம் ஸ்டாப்வாட்சில் நடந்தது.

பழைய ஆலையில் அது பொறியாளரின் கையில் இருந்தது. அவர் வந்து அளக்கும்போது தொழிலாளி வேண்டுமென்றே நிதானமாக வேலை பார்ப்பார். வேகத்தைக் காட்டிக்கொடுத்தால் மறுநாளே பளு கூடும் அல்லவா? அவர் போனபிறகு, தானே கண்டுபிடித்த சுருக்குவழியில் சீக்கிரம் முடித்துவிட்டு மூச்சுவிட்டுக்கொள்வார். அந்தச் சுருக்குவழியைப் பற்றி நிர்வாகத்திடம் மூச்சுவிட மாட்டார்.

நம்மியில் ஐந்தாறு பேர் கொண்ட குழுக்கள் தங்களுக்குள்ளேயே நேரம் பார்த்துக்கொண்டன. வேலையைச் சிறுசிறு அசைவுகளாகப் பிரித்து, எது பத்திரம், எது சுலபம் என்று சோதித்து, முறையை எழுதி வைத்தார்கள். அடுத்த ஷிஃப்டில் அதே இடத்தில் நிற்பவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். யாராவது மேலான வழியைச் சொன்னால் அந்தத் தாள் மாற்றி எழுதப்படும். 1986-இல் யோசனை சொன்னவர்கள் 26 சதவீதம். 1991-இல் 92 சதவீதம். அந்த ஓராண்டில் வந்த யோசனைகள் பத்தாயிரத்துக்கு மேல். அவற்றில் 80 சதவீதத்துக்கும் கூடுதலானவை நடைமுறைக்கு வந்தன.

தன் வேலையையே குறைக்கும் யோசனையை யார் மனமுவந்து சொல்வார்? விடை சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. நிறுவனத்தின் பிழைப்புக்கே ஆபத்து வந்தாலொழிய ஆட்குறைப்பு இல்லை. அப்படி வந்தாலும் முதலில் நிர்வாகிகளின் சம்பளம் குறைய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. 1988 வாக்கில் கார் விற்பனை படுத்தபோது சோதனையும் வந்தது. லைன் வேகம் குறைந்தது, ஒருவரும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. மிஞ்சியவர்கள் பயிற்சிக்கும் மேம்பாட்டுக் குழுக்களுக்கும் போனார்கள். இந்த உறுதியைக் கொடுக்காமல் ஆலோசனைப் பெட்டி மட்டும் மாட்டும் நிறுவனங்கள், பெட்டி காலியாக இருக்கிறதே என்று தொழிலாளியைக் குறைசொல்வது நியாயமில்லை.

எல்லாம் இனிப்பாக இருந்ததாகவும் நினைக்க வேண்டாம். இது மன அழுத்தத்தால் நடத்தும் நிர்வாகம் என்று தொழிற்சங்க எழுத்தாளர்கள் மைக் பார்க்கரும் ஜேன் ஸ்லாட்டரும் 1988-லேயே சாடினார்கள். மிச்சமான விநாடிகள் ஓய்வாகவில்லை, புது வேலையாகவே திரும்பின என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை உண்டு. 1993-இல் உடலைப் பாதிக்கும் வேலைமுறைகளுக்காகக் கலிஃபோர்னியாவின் தொழிலாளர் பாதுகாப்புத் துறை நம்மி மீது நடவடிக்கை எடுத்தது.

லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் வான் நைஸ் ஆலையிலும் இதே குழு முறையைப் புகுத்த ஜெனரல் மோட்டார்ஸ் முயன்றது. ஆனால் ஆலையை மூடிவிடுவார்கள் என்ற அச்சம் ஏற்கெனவே நிலவிய இடம் அது, சங்கமே இரண்டுபட்டது. 1992-இல் அதை மூடினார்கள். திவாலான ஜெனரல் மோட்டார்ஸ் 2009-இல் நம்மியிலிருந்தும் விலகியது. டொயோட்டா தனியாக நடத்த விரும்பவில்லை. 2010 ஏப்ரலில் அந்த ஆலையும் நின்றது. ஏறத்தாழ 4,700 பேர் வேலை இழந்தார்கள்.