டிராஃபிக் நிலவரம் சொன்னவர், பி.பி.சி-யில் ஆப்பிரிக்காவின் வியாபாரம் பேசினார்! - யார் இந்த கோம்லா டுமோர்?

ஆப்பிரிக்கா என்றதும் டி.வி செய்தியில் நாம் என்ன பார்த்திருக்கிறோம்? பஞ்சம், உள்நாட்டுப் போர், எலும்பும் தோலுமாகக் குழந்தைகள். ஆனால், அதே கண்டத்தில் காலையில் கடை திறந்து, இரவில் கல்லாவை எண்ணிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களை உலகச் செய்தித் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், கானா நாட்டைச் சேர்ந்த கோம்லா டுமோர்.

1972-ல் பிறந்த இவருடைய தாத்தா பிலிப் பெஹோ, கானா தேசிய கீதத்துக்கு இசையமைத்தவர். அப்பா பேராசிரியர். டாக்டராகும் கனவோடு நைஜீரியாவில் மருத்துவம் சேர்ந்த டுமோர், படிப்பை முடிக்கவில்லை. ஊர் திரும்பி, கானா பல்கலைக்கழகத்தில் சமூகவியலும் உளவியலும் படித்தார். நம் வீடுகளில் இப்படி நடந்தால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை!

அடுத்து அவருக்குக் கிடைத்தது, தலைநகர் அக்ராவின் ஜாய் எஃப்.எம்-மில் வேலை. மோட்டார் பைக்கில் ஊரைச் சுற்றி, காலை நேர டிராஃபிக் நிலவரம் சொல்ல வேண்டும். அங்கிருந்து அதே வானொலியின் காலை நிகழ்ச்சித் தொகுப்பாளராக உயர்ந்தார். 2003-ல் கானாவின் சிறந்த பத்திரிகையாளர் விருது. இடையே ஹார்வர்டில் பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டமும் வாங்கினார். அதன் பிறகுதான் லண்டன், பி.பி.சி.

ஆப்பிரிக்கச் சேவை வானொலியில் தொடங்கியவருக்கு 2009-ல் பெரிய வாய்ப்பு வந்தது. 'ஆப்பிரிக்கா பிசினஸ் ரிப்போர்ட்' என்ற டி.வி நிகழ்ச்சியின் முதல் தொகுப்பாளர் அவர்தான். நாடு நாடாகப் போனார். தொழில்முனைவோரைச் சந்தித்தார். என்ன விற்கிறார்கள், எங்கே முதலீடு வருகிறது, எது தடுக்கிறது என்று விசாரித்தார்.

பிசினஸ் செய்தி என்றாலே பங்குச்சந்தை எண்கள், கோட் சூட், தூக்கம் வரவைக்கும் பேச்சு என்று பலர் சேனலை மாற்றிவிடுவார்கள். ஆனால், ஒரு நாட்டைப் பற்றித் திரும்பத் திரும்பச் சோகச் செய்தி மட்டுமே வந்தால், அங்கே பணம் போட யார் துணிவார்கள்? அங்கே கடை போடும் இளைஞருக்கு யார் கடன் தருவார்கள்? செய்தியில் எதைக் காட்டுகிறோம் என்பதில் சிலருடைய பிழைப்பும் இருக்கிறது. அதற்காக டுமோர் விளம்பரப் படம் எடுக்கவில்லை. அதிகாரத்தில் இருப்பவர்களிடம் விடாமல் கேள்வி கேட்பதிலும் அவருக்குப் பெயர் உண்டு.

2012-ல் பி.பி.சி-யின் 'ஃபோகஸ் ஆன் ஆப்பிரிக்கா' டி.வி நிகழ்ச்சி தொடங்கியபோது, அதன் முகமும் அவரே. உயரமான உருவம், கனத்த குரல், வாய் நிறையச் சிரிப்பு. ஆங்கிலத்தை ஆப்பிரிக்க வாசத்தோடுதான் பேசுவார். லண்டன் வந்தும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. 2013 டிசம்பரில் நெல்சன் மண்டேலாவின் இறுதிச்சடங்கை உலகுக்குச் சொன்ன குரல்களில் அவருடையதும் ஒன்று.

அடுத்த மாதமே, 2014 ஜனவரி 18 அன்று, லண்டன் வீட்டில் மாரடைப்பு. வயது 41 தான். மனைவியும் மூன்று குழந்தைகளும் தனித்துவிடப்பட்டார்கள்.

அவர் பெயரில் ஆப்பிரிக்கப் பத்திரிகையாளர்களுக்கு பி.பி.சி ஒரு விருதை ஏற்படுத்தியது. வெல்பவர் லண்டன் சென்று மூன்று மாதங்கள் பணியாற்றலாம். 2015-ல் முதல் விருது உகாண்டாவின் நான்சி கசுங்கிராவுக்கு. 2023-ல் அது டுமோரின் சொந்த நாட்டுக்கே போனது. வென்றவர் பா குவேசி அசாரே. கானா டி.வி ஒன்றில் அவர் பார்த்துவந்ததும் பிசினஸ் செய்திகளைத்தான்.