மேலே போய்ச் சேராத எச்சரிப்பு



ஒரு திட்டத்தை நடத்துகிறவர்களுக்குத் திறமை மாத்திரம் போதாது, உண்மையும் வேண்டும். அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு நடந்த துயரச் சம்பவம் இதற்குச் சாட்சி.

ஜனவரி 28ஆம் தேதி சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73ஆம் விநாடியில் சிதறியது. அதிலிருந்த 7 பேரும் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை. ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துப்போய், அனல் வாயு கசிந்ததே காரணம்.

முந்தின இரவே, ராக்கெட் செய்த கம்பெனியின் பொறியாளர்கள், 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏவவேண்டாம் என்று தொலைபேசியில் எச்சரித்தார்கள். நாசா அதிகாரிகள் அதிருப்திப்பட்டார்கள். உடனே கம்பெனி மேலாளர்கள் தனியே பேசி, பொறியாளர்களின் சம்மதமின்றியே, ஏவலாம் என்று மாற்றிச் சொன்னார்கள். இறுதி அனுமதி கொடுத்த மேலதிகாரிகளுக்கோ இந்த ஆட்சேபம் தெரிவிக்கப்படவேயில்லை என்று விசாரணைக் குழு பின்னர் கண்டறிந்தது.

பொறியாளர்கள் பேசத் தவறவில்லை. அவர்கள் சொன்னதுதான் மேலே போய்ச் சேரவில்லை. ஆகவே ஆட்சேபத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். முடிவெடுப்பவரிடம் அதை மறைக்காமல் சேர்க்க வேண்டும். 'ஆபத்து என்று நிரூபி' என்பதல்ல, 'ஆபத்தில்லை என்று காட்டு' என்பதே நேர்மையான கேள்வி.

கட்டிடக் குழுவோ கணக்குக் குழுவோ, நாம் அமரும் இடத்தில் ஒருவர் 'வேண்டாம்' என்றால், முதலில் பொறுமையாய்க் கேட்போமாக.