நாய்க்குக் கல்லடைப்பு: தீனியில் கவனம்

காவல் நாய் அடிக்கடி காலைத் தூக்கியும் சொட்டுச் சொட்டாகத்தான் சிறுநீர் வருகிறதா? அதில் இரத்தம் கலந்திருக்கிறதா? சிறுநீர்ப்பையில் கல் இருக்கலாம். ஆண் நாயின் சிறுநீர்த்தாரை குறுகலானது. கல் அதில் சிக்கிச் சிறுநீர் அடியோடு நின்றுவிட்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. வாழைத்தண்டுச் சாற்றை ஊற்றிக்கொண்டு காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

எடுத்த கல்லை எறிந்துவிட வேண்டாம். அது எந்த வகை என்று சோதித்தறிந்த பின்பே தீனியை மாற்ற வேண்டும். பெட்டை நாய்களில் மிகுதியாகக் காணும் ஸ்ட்ரூவைட் கல்லுக்குப் பெரும்பாலும் கிருமித் தொற்றே காரணம். மருந்தும் அதற்கென உள்ள தீனியும் சேர்ந்தால் கரைவதுண்டு. ஆக்சலேட் கல் எந்தத் தீனிக்கும் கரையாது. எடுத்த பிறகு பசலைக்கீரையைத் தவிர்க்க வேண்டும். கறும்புள்ளி டால்மேஷன் நாய்க்கு வருவது பெரும்பாலும் யூரேட் கல். அதற்கு ஈரல், குண்டிக்காய், மத்தி, நெத்திலி ஆகாது, முட்டை கொடுக்கலாம்.

எந்தக் கல்லானாலும் தண்ணீர் நிறைய உள்ளே போக வேண்டும். சோற்றை நீர்க்கக் கரைத்து வையுங்கள். தாகம் எடுக்கட்டும் என்று உப்பை அள்ளிப் போடாதீர்கள். நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிப் போடாமல், பகலில் மூன்று நான்கு முறையாவது அவிழ்த்து விடுங்கள்.