முதியோரைக் கேட்டோமா?

வீட்டில் கலியாணம் என்றால் பந்தற்கால் நடுவது முதல் தாம்பூலம் கொடுப்பது வரையில் பெரியவர்களைக் கேட்டே நடத்துவது நம்மவர் வழக்கம். ஆனால் அப்பெரியவரே தீரா நோயுடன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, அவர் ஒருவரைத் தவிர மற்றெல்லோரையும் கலந்து யோசிக்கிறோம். டாக்டர் பிள்ளைகளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் பேசுகிறார். படுக்கையில் இருப்பவருக்கோ, "ஒன்றுமில்லை, சரியாகிவிடும்" என்ற வார்த்தைதான் கிடைக்கிறது.

அவரைக் கேட்டால் என்ன சொல்வார்? 2002-ம் ஆண்டில் அமெரிக்க வைத்தியப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த ஆராய்ச்சி இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்கது. புற்றுநோய், இருதய நோய், சுவாசப்பை நோய் ஆகியவற்றால் ஆயுள் குறுகிய, அறுபதும் அதற்கு மேலும் வயதான 226 பேரை விசாரித்தார்கள். அதிகச் சிரமமில்லாத சிகிச்சையால் இப்போதுள்ள தேக நிலையை மீண்டும் அடையலாம் என்றால், ஏறக்குறைய எல்லோரும் அதற்கு இசைந்தனர். உயிர் தங்கும், ஆனால் நடமாட்டம் முதலியவற்றுக்குப் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டும் என்றபோது, 100-க்கு 74 பேர் சிகிச்சை வேண்டாம் என்றனர். அறிவு தெளிவிராது என்றபோது 100-க்கு 89 பேர் மறுத்தனர். எத்தனை நாள் பிழைப்போம் என்பதைக் காட்டிலும் எந்த நிலையில் பிழைப்போம் என்பதே அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றியது.

நம் நாட்டில் வேறு காரணங்களும் சேருகின்றன. நிலத்தை விற்றுச் செலவு செய்வார்களே என்ற கவலை, பிள்ளைகளுக்குப் பாரமாவோமோ என்ற கூச்சம், சொந்த வீட்டில் உற்றார் சூழக் கண் மூட வேண்டும் என்ற ஆசை, வலியைப் பற்றிய பயம் ஆகியவை அவை. இவற்றுள் பணக் கவலையால் பிறக்கும் "வேண்டாம்" என்ற சொல்லை உண்மையான விருப்பமாகக் கொள்ளலாகாது. வலி தணிக்க வழியுண்டு என்பதை அறியாமல் சொல்லும் சொல்லும் அத்தகையதே. 1993-ல் கோழிக்கோட்டில் தோன்றிய வலி நிவாரணச் சங்கமும், அதைப் பின்பற்றிக் கேரளமெங்கும் பரவிய தொண்டர் குழுக்களும், நோயாளியை வீட்டிலேயே வைத்து வலி தணித்துப் பராமரிக்கக்கூடும் என்பதைக் காட்டியிருக்கின்றன.

சட்டமும் துணை நிற்கிறது. மீளும் நம்பிக்கையற்ற நிலையில் உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாமென்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என 2018 மார்ச் 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. முதலில் அதற்கு மாஜிஸ்திரேட்டின் கையொப்பம் வேண்டியிருந்தது. 2023-ல் அந்த நிபந்தனை நீங்கி, இரண்டு சாட்சிகளுடன் நோட்டரியோ கெஜட் அதிகாரியோ அத்தாட்சி செய்தால் போதும் என்றாயிற்று. அதை நிறைவேற்றுமுன் இரண்டு வைத்தியக் குழுக்கள் ஆராய்ந்து ஒப்ப வேண்டும்.

சாவைப் பற்றிப் பேசுவது அமங்கலம் என்று ஒதுங்குகிறோம். சொத்துக்கு உயில் எழுதுவதை அப்படி எண்ணுகிறோமா? தாய் தந்தையர் திடமாக இருக்கையிலேயே, "உங்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம்?" என்று கேட்டு வைப்போமாக. நோய் மாறும்போது மனமும் மாறுமாதலால், ஒரு முறை கேட்டதோடு நில்லாமல் மறுபடியும் கேட்போமாக.